மூன்று நிமிடத்தில் முடிந்த பேக்கப்

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிந்தால் சொல்லுங்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வருவான். அறை அறையாகப் போவான். இருக்கிற சாமான் ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலாக இன்னொன்று செய்து வேறொரு இடத்தில் அடுக்கிவைப்பான். போகும்போது ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போவான். லீவு கேட்க மாட்டான். பொய் சொல்ல மாட்டான். யார்?

வாட்ச்மேனா? இல்லை. வாட்ச்மேன் தூங்குவான்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். பேக்கப் எடுக்கிற மென்பொருள். நீங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மடியில் லேப்டாப்பைத் திறந்தீர்களே, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதே, அப்போதே நம் துறைதான் என்று தெரிந்துகொண்டேன். முதல் வேலையா? நல்லது. அப்படியானால் இதை நீங்கள் கேட்க வேண்டும். உக்கடம் போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது.

நான் கோவையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். பத்தொன்பது வருடமாக. இப்போது உடுமலையில் என் மச்சான் வீட்டிலிருந்து வருகிறேன். என் மனைவி கோகிலவாணி நாற்பது நாளாக அங்கேதான் இருக்கிறாள். பெண்ணும் அங்கேதான். வெண்பா. பத்து வயது. அவள் இனிமேல் யாரிடம் இருப்பது என்று இன்று காலையில் பேசி முடித்தோம். முடித்தோம் என்றால், அவளையே கேட்டுவிட்டோம். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். அங்கே யாரும் அதை முழுதாகக் கேட்கவில்லை.

எங்களுக்கு முதலில் ஒரு பையன். இனியன். இரண்டு வருடம் நாலு மாதம் இருந்தான். டெங்கு. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். வாணி நர்ஸ். ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை. தன் பிள்ளைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று வேறொருத்தியைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆகும் முன்பே வெண்பா பிறந்தாள்.

இனியனுடைய படங்கள் எங்களிடம் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு இருந்தன, வீடியோவையும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் கீழே வாணி ஒரு வரி எழுதிவைத்திருந்தாள். ‘இனியன், முதல் பல்.’ ‘இனியன், மிக்ஸி சத்தத்துக்கு அழுகிறான்.’ ‘இனியன், என் செருப்பைப் போட்டு நடக்கிறான்.’ ஆகஸ்ட் மாதம் அவன் பிறந்தநாள். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், பாயசம் வைப்போம், எல்லாவற்றையும் டிவியில் ஓட்டுவோம். வெண்பாவும் உட்கார்ந்து பார்ப்பாள். எந்த வீடியோவில் அண்ணன் எந்த இடத்தில் சிரிப்பான் என்று அவளுக்கு மனப்பாடம். சிரிப்பதற்கு முன்பே “இப்ப சிரிப்பான் பாருங்க” என்பாள். அவளுடைய பிறந்தநாள் அதற்கு ஒன்பதாம் நாள். பத்து நாளுக்குள் இரண்டு தடவை ஆட்களைக் கூப்பிட முடியுமா? அதனால் அதையும் அன்றைக்கே சேர்த்துவிடுவோம். கேக் அவளுக்குத்தான்.

படங்கள் அப்போது நாலு இடத்தில் சிதறிக் கிடந்தன. வாணியின் பழைய போனில் கொஞ்சம், கேமரா கார்டில் கொஞ்சம், பென்டிரைவில் கொஞ்சம், என் லேப்டாப்பில் கொஞ்சம். பத்திரப்படுத்துவதே தொழிலாக இருக்கிறவன் வீட்டில் இப்படிக் கிடக்கலாமா? இணையத்தில் எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் போட்டுவைக்கவும் எனக்கு மனமில்லை. கல்லூரியில் கழித்துப்போட்ட ஒரு சர்வரை வாங்கிவந்து இனியன் அறையில் வைத்தேன். அந்த அறைதான் குளிர்ச்சி. வெண்பா ஹாலில் படுத்துக்கொள்வாள். அவளுக்கு ஹால்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வெண்பாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஆறு வயது, ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

ஒரு பெரிய காம்பவுண்டு. அதற்குள் சில பேருக்குத் தனி வீடே கட்டிக்கொடுத்துவிட்டோம். தனி அடுப்பு, தனிக் குழாய். அது விர்ச்சுவல் மெஷின். இன்னும் சில பேருக்கு ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்துக் கொடுத்தோம். அடுப்பும் குழாயும் பொது, பூட்டு மட்டும் தனி. அது கன்டெய்னர். என் கல்லூரி வேலைக்கு இரண்டு தனி வீடு. டிவிக்கு ஒரு தடுப்பு. இனியன் படங்களுக்கு ஒரு தடுப்பு.

“எனக்குப்பா?” என்றாள்.

“உனக்குத்தான் இந்த வீடே இருக்குதே அம்மிணி,” என்றேன். நன்றாகச் சொன்னேன் இல்லையா? அவளும் புரிந்துகொண்டாள்.

பேக்கப்புக்குத் தனியாக ஒரு பெட்டி. அது ஹால் அலமாரியில், வேறு பிளக்கில். தினமும் காலை ஐந்து மணிக்கு மென்பொருள் தானாகக் கிளம்பி, தனி வீடு, தடுப்பு எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒரு வாரத்துக்கு முந்தின பிரதியை அழித்துவிட்டு, அந்தப் பெட்டியில் வைக்கும். வைத்துவிட்டு எனக்கு ஒரு மெயில் அனுப்பும். கல்லூரியிலும் இதே ஏற்பாடுதான். இப்படி வருகிற மெயில் நாளைக்கு அறுபது. எல்லாவற்றையும் மனுஷன் படிக்க முடியுமா? அதனால் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறேன். ‘தோல்வி’ என்று இருந்தால் மட்டும் என் கண்ணில் காட்டு, மற்றதை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளு. நம் துறையில் பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான் செய்வார்கள். நீங்களும் செய்வீர்கள்.

முதல் வாரம் சோதித்தும் பார்த்தேன். ஒரு படத்தை வேண்டுமென்றே அழித்தேன், பேக்கப்பிலிருந்து எடுத்தேன். வந்தது. கவனியுங்கள், சோதிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம்தான் மற்ற இடங்களைச் சுத்தம் செய்தேன். வாணி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதுல மட்டுமாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுங்க.”

“ஒரே சாமான் நாலு இடத்துல கெடந்தா அது குப்பை, வாணி. இது என் தொழிலு. என்னைய நம்ப மாட்டியா?”

நம்பினாள். போனை நீட்டினாள். நானே அழித்தேன்.

ஒரு வருடம் போனது. சர்வரில் இடம் போதவில்லை. பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினேன். படங்களை எல்லாம் அதற்கு மாற்றினேன். தடுப்புக்குள் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வெண்பாவுக்குச் சொன்ன மாதிரி சொன்னால், அந்தத் தடுப்புக்கு மேலே ஒரு பரண் கட்டி, சாமானை அங்கே ஏற்றி, ஏணி வைத்துக்கொடுத்தேன். அவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் தற்செயலாகப் பார்த்தேன். அதுவரை நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த பேக்கப் மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தது. பச்சை. மூன்று நிமிடம்! புது டிஸ்க் வந்ததும் வேகம் கூடிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். “ஏனுங்க, நாப்பது நிமிஷ வேலை மூணு நிமிஷத்துல முடியுதுன்னா ஏதாச்சும் விட்டுப்போச்சோ என்னவோ?”

“என்ன விட்டுப்போகும்?”

“எங்க பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா அரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் அஞ்சு நிமிஷத்துல முடிச்சாருன்னா, பின்னால இருக்கற ரூமுக்குப் போகலைன்னு அர்த்தம். நாங்க போயிப் பாத்துக்குவோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “டாக்டரும் டிஸ்க்கும் ஒண்ணா வாணி? நீ கிளம்பு, பஸ் போயிரும்.”

அவள் படித்தவள்தான். ஆனால் கம்ப்யூட்டர் அவளுக்குத் தெரியாது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

அதிலிருந்து ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று நாள். ஒரு நாள் தவறியதில்லை. மின்வெட்டு வந்தபோதும் தவறவில்லை, நாங்கள் பழனிக்குப் போயிருந்தபோதும் தவறவில்லை. பச்சை, பச்சை, பச்சை. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பச்சை. அச்செடுத்து வைத்திருக்கிறேன், இந்தப் பையில்தான் இருக்கிறது. மச்சான் வீட்டில் அதை யாரும் கையில் வாங்கவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் கோடை மழை. இடி எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கியது. இனியன் அறையிலிருந்து கருகின வாடை வந்தது. போய்ப் பார்த்தால் சர்வர் செத்துவிட்டது, இரண்டு டிஸ்க்கும் அதோடு. வாணி அறை வாசலில் நின்று அழுதாள். நான் அழவில்லை. உண்மையைச் சொல்கிறேன் தம்பி, எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம்தான். இத்தனை வருடம் இந்த ஒரு நாளுக்காகத்தானே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன்? ஹால் அலமாரியில் பெட்டி பச்சை விளக்கோடு அப்படியே இருந்தது.

“அளுவாத. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எல்லாம் வந்துரும்,” என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தவரிடம் ஒரு மெஷின் வாங்கிவந்தேன். டிவியோடு இணைத்தேன். இருவரையும் கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்தேன். அப்பா வேலையை அவர்களும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று. பொத்தானை அமுக்கினேன். ஒவ்வொரு தடுப்பாக வந்தது. எல்லாம் பச்சை. இனியனுடைய தடுப்பு மூன்று நிமிடத்தில் வந்தது. ஆல்பத்தைத் திறந்தேன்.

மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. தேதி இருந்தது. வரிசை இருந்தது. வாணி எழுதின ஒவ்வொரு வரியும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்.

லோடு ஆகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தோம்.

வாணி என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கட்டத்தைத் திறப்பாள், ஒன்றும் இருக்காது, கீழே இருப்பதைச் சத்தமாகப் படிப்பாள். “இனியன், முதல் பல்.” அடுத்தது. “இனியன், தாத்தா கண்ணாடி.” அடுத்தது. அண்ணன் சிரிக்கிற இடம் வந்தபோது வெண்பா பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். சாயங்காலம்வரை வாணி எழுந்திருக்கவில்லை. வெண்பா தானே போய்ச் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போதுதான் அந்த ஃபோல்டரைத் திறந்து மெயிலைப் படித்தேன். உள்ளே, இருபத்தோராவது வரியில் இருந்தது. வெளியிலிருந்து மாட்டப்பட்ட டிஸ்க், சேர்க்கப்படவில்லை. அவ்வளவுதான். அடுத்த வரி, முடிந்தது. அடியில் பச்சை. அந்த மென்பொருளின் வழக்கம் அது. தடுப்பை எடுக்கும், பரணை எடுக்காது. வாணி எழுதின வரிகள் தடுப்பில் இருந்தன, படங்கள் பரணில். பரணையும் எடு என்று நாம்தான் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் வைக்க வேண்டும். டிஸ்க்கை மாட்டிய அன்றைக்கு அந்தக் கட்டம் என் கண் முன்னால்தான் இருந்திருக்க வேண்டும்.

“அப்ப தெனமும் அது உங்ககிட்டச் சொல்லிட்டேதான இருந்துருக்குது?” என்று வாணி கேட்டாள்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சொன்ன விதம் தப்பு. நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பச்சைக்கு நடுவில் இருபத்தோராவது வரியில் சொல்வார்களா? சிவப்பில் சொல்லியிருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா? இதை எழுதியவன் யாரோ, அவனுக்குப் பொறுப்பில்லை.

கருகின டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினேன். உள்ளே தகடுவரை கீறல் விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மச்சான் தெய்வசிகாமணி நல்ல மனுஷர், அவர்தான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டார். யார் போனிலாவது பிள்ளை படம் இருக்கிறதா என்று கேட்டார். பதினான்கு கிடைத்தன. கல்யாணத்தில் எடுத்தது, காதுகுத்தில் எடுத்தது. பாதியில் அவன் ஓரத்தில் இருக்கிறான். ஒன்றில் முகத்துக்கு முன்னால் பலூன். வாணி அந்தப் பலூனைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. உடனே டிக் வைத்துவிட்டேன். இப்போது பரணும் சேர்ந்து வருகிறது. தினமும் பதினான்கு படமும் ஒழுங்காகப் பேக்கப் ஆகிறது. அதைச் சொன்ன அன்றைக்குத்தான் வாணி துணிமணியைப் பெட்டியில் எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

அதற்கு முன்பும் வீட்டில் சண்டைதான். சண்டை என்றால், நான் விளக்குவேன், அவள் சுவரைப் பார்ப்பாள். ஒரு தடவை எனக்குப் பொறுக்காமல் வெண்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

“நீயே சொல்லு அம்மிணி. அந்தப் பெட்டில பச்சை லைட்டு எரியுதான்னு அப்பா தெனமும் பாத்தனா இல்லியா?”

“பாத்தீங்கப்பா.”

“கேட்டுக்க வாணி! புள்ளை சொல்லுது.”

வாணி அவளைத் தன் பக்கம் இழுத்தாள். “அண்ணன் மூஞ்சி இனிமே எனக்கு மறந்துபோயிரும்டி. நீயாச்சும் ஞாபகம் வெச்சுக்கடி. நீதான் அத்தனை தடவை பாத்தவ. அவன் எப்படிச் சிரிப்பான், செஞ்சு காட்டு.”

வெண்பா செய்து காட்டினாள். இரண்டு மூன்று தடவை காட்டினாள். வாணி, “அப்படியில்ல, அப்படியில்ல,” என்று அழுதாள்.

பிறகு ஒரு நாள் நான் ஆல்பத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது வெண்பா வந்து பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, இதுல என் போட்டோ எங்கப்பா இருந்துச்சு?”

“உன் போட்டோ இதுல இல்லை அம்மிணி. அம்மா போன்ல ஏதாச்சும் இருக்கும்.”

“ஏன்ப்பா இதுல வெக்கலை?”

“நீதான் கண்ணு முன்னாலயே இருக்கறியே. எதுக்குப் பேக்கப்பு?”

சரியான பதில்தானே? சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் பிடிவாதமே செய்ய மாட்டாள். அந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்று காலைக்கு வருகிறேன். பொள்ளாச்சி தாண்டிவிட்டோமா? தாண்டிவிட்டோம்.

மச்சான் எனக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தார். வாணி எதிரில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வெண்பாவும் படுக்கிற அறை அது. தலைமாட்டுச் சுவரில் அந்தப் பதினான்கு படத்தையும் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். பெரிதாக்கினதில் முகமெல்லாம் கலைந்துபோயிருந்தது.

“மாப்ள, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர மாட்டீங்க,” என்றார் மச்சான். “வாணி திரும்பி வர்றதில்லீங்கறா. ஜூன் பொறந்தா புள்ளைய ஆறாவது சேத்தோணும். எந்த ஊருல சேக்கறது? புள்ளையவே கேட்டுப்போடலாமுங்க.”

வெண்பாவைக் கூப்பிட்டார். வந்து கதவோரம் நின்றாள். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. நாற்பது நாளில் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். முடியை வெட்டியிருக்கிறார்கள்.

நான்தான் முதலில் பேசினேன். “அம்மிணி, அப்பாகிட்ட வந்துரு. பழைய ஸ்கூலு, பழைய பிரெண்ட்ஸு. அண்ணன் ரூமை உனக்கே குடுத்தர்றேன்.”

“சர்வரு?”

“அது ஹாலுக்குப் போயிரும். ரூம் மூலைல பேக்கப் பெட்டி மட்டும் இருக்கும். சின்னதுதான். சத்தமே வராது. அண்ணன் படம் பத்திரமா இருக்கோணுமில்ல?”

வாணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். “கண்ணு, இங்கியே இருந்துக்க. மாமன் ஸ்கூல்ல பேசிட்டாரு. அம்மாவுக்கு உன்னைய விட்டா யாரு இருக்கறா?”

“இந்தப் படமெல்லாம் இங்கியேதான் மாட்டியிருக்குமாம்மா?”

“பின்ன எங்க கண்ணு மாட்டறது?”

“உனக்கு எது இஷ்டமோ அதைச் சொல்லு சாமி,” என்றார் மச்சான். “யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.”

எனக்குப் பயம் வந்தது தம்பி. சர்வர் எரிந்த அன்றைக்குக்கூட வரவில்லை. இந்தப் பெண் என் பக்கம் வந்துவிட்டால் நான் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடும், அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாணியும் அதையேதான் நினைத்திருப்பாள், அவள் பக்கத்துக்கு.

வெண்பா காகிதத்தைப் பிரித்து மாமா கையில் கொடுத்தாள். ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறதாம், ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி உண்டாம். மாமா மகளோடு போய் விண்ணப்பம் வாங்கி, அவளே பூர்த்தி செய்திருந்தாள். விடுதியில் இருந்துகொள்கிறேன் என்றாள். என்னிடமும் அவள் அம்மாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.